பிரித்துப் பூட்டிய ஏர் ரைபிளில் பொருத்தக் கோளாறுகளைக் கண்டறிதல்

ஸ்பிரிங் விசையால் இயங்கும் ஏர் ரைபிளை வீட்டிலேயே பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்த சீல்களை மாற்றி மீண்டும் பூட்டும்போது, எல்லா உறுப்புகளும் நல்ல நிலையில் இருந்தும் துப்பாக்கி முன்போலச் சுடாமல் போவது உண்டு. குண்டுகள் சிதறி விழலாம், குழலை மடக்கும்போது உராயும் ஓசை கேட்கலாம், சுடும்போது அதிர்வு கடுமையாகத் தெரியலாம். இவற்றில் பெரும்பாலானவை உறுப்பு கெட்டதால் வருவதில்லை. இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் இருக்கும் பிழையால் வருகின்றன. இந்தக் குறிப்பு, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையைப் பற்றியது மட்டுமே. வெடிமருந்துத் தோட்டா பயன்படுத்தும் துப்பாக்கிகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அவற்றை உரிய உரிமமும் பயிற்சியும் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விசை ஏற்றாத நிலையிலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓரளவு அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின்மூடியைக் கழற்ற ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் பாய்ந்து முகத்தையோ கையையோ காயப்படுத்தும். குழல் மடங்கி விசை ஏறிய நிலையில் குண்டு போடும்போது, ஒரு கை எப்போதும் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். விசை தவறி விடுபட்டால் குழல் மேல்நோக்கி அடித்து விரலை நசுக்கிவிடும். குண்டு இல்லாமல் சுட்டுப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். குண்டு தரும் எதிர்ப்பால்தான், ஸ்பிரிங் தள்ளக் காற்றை அழுத்தும் உறுப்பான பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தைபோல அமைகிறது. அது இல்லாதபோது பிஸ்டன் நேரே உலோகத்தில் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் சேதமாகும்.

தேடலை வெளியிலிருந்து உள்நோக்கிக் கொண்டுசெல்வது நல்லது. முதலில் பார்க்க வேண்டியவை துப்பாக்கியின் மரக் கட்டையை உலோகப் பகுதியோடு பிடித்திருக்கும் திருகுகள். பொதுவாக முன்புறம் இரு பக்கங்களிலும் இரண்டும், விசைக் காப்பு வளையத்தில் (சுடும் விசையான ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைபிளின் அதிர்வு இவற்றை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மறுபொருத்தத்தில் வரும் பிழை பெரும்பாலும் தளர்வு அல்ல, இடமாற்றம். விசைக் காப்பு வளையத்தின் இரண்டு திருகுகள் சில துப்பாக்கிகளில் ஒரே மரையும் வேறுவேறு நீளமும் உடையவை. நீளமானது குட்டையானதன் இடத்துக்குப் போனால், அதன் நுனி உள்ளே விசை அமைப்பின் பாகத்தையோ, ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இருக்கும் உலோகக் குழாயையோ முட்டும். திருகு இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். உண்மையில் கட்டை பிடிபடவே இல்லை. நான் ஒருமுறை இப்படி இடம் மாற்றிப் போட்டுவிட்டு, குறி விலகுவதற்குக் காரணம் குழல்தான் என்று எண்ணி இரண்டு மாலைகளை அதிலேயே செலவிட்டேன். கழற்றும்போதே ஒவ்வொரு திருகையும் ஒரு அட்டையில் அதன் இடத்தைக் குறித்துக் குத்தி வைத்தால் இந்தப் பிழை வராது.

திருகுகள் அவற்றின் இடத்தில்தான் இருக்கின்றன என்று உறுதியான பிறகும் குறி நிலையாக இல்லையென்றால், கட்டையும் உலோகமும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். உலோகக் குழாயின் அடிப்பகுதியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிய படலமாகத் தடவி, கட்டையில் வைத்து, திருகுகளை வழக்கம்போல இறுக்கி மீண்டும் எடுத்தால், மரத்தில் கறை படிந்த இடங்கள் தொடும் இடங்களைக் காட்டிவிடும். இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் திருகை இறுக்க இறுக்கக் குழாய் சாய்ந்து உட்காருகிறது என்று பொருள். அந்த இடத்தை நுண்ணிய மணல்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் கரி தடவிச் சோதிக்க வேண்டும். மரம் போனால் திரும்பாது என்பதால் இங்கே அவசரம் கூடாது. திருகின் தலைக்கு அடியில் மரம் நசுங்கிக் குழிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. கிண்ண வடிவ வாஷர் அல்லது திருகுத் துளைக்குள் உலோகக் குழாய்த் துண்டு வைத்து, அழுத்தம் மரத்தின் மீது விழாமல் செய்ய வேண்டும். மரைகளில் ஒட்டுத் திரவம் இடுவதானால், கைக்கருவியால் மீண்டும் கழற்றக்கூடிய மென்மையான வகையை ஒரு துளி மட்டும் இட வேண்டும்.

அடுத்தது குழல் மடங்கும் கீல். கட்டையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு மூடிய குழலின் முனையை இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இருப்பது தெரிந்துவிடும். கீல் போல்ட் உள்ள துப்பாக்கியில், விசை ஏற்றிய பின் குழல் தன் எடையால் தானாகச் சரியாமல், விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். குண்டில்லாமல், விசையின் அருகே விரலே போகாமல், குழலுக்கு அடியில் கையைத் தாங்கலாக வைத்து இதைச் சோதிக்க வேண்டும். குழல் சரிந்தால் போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி மீண்டும் பார்க்கலாம். போல்ட் முழுவதும் இறுகியும் ஆட்டம் போகவில்லையென்றால், கீலின் இரு பக்கமும் இருக்க வேண்டிய மெல்லிய வாஷர்களில் ஒன்று விடுபட்டிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். இவை கிரீஸில் ஒட்டிக்கொண்டு துடைக்கும் துணியோடு போய்விடுவது வழக்கம். போல்ட்டுக்குப் பதிலாக அடித்துச் செருகிய ஊசி இருக்கும் துப்பாக்கிகளில் இறுக்க வழியில்லை. சரியான தடிமனுள்ள வாஷரால்தான் சரிசெய்ய முடியும்.

குழலின் பின்வாயில் உள்ள சீல் சிறியது. ஆனால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உலோகப் பரப்பைவிட மயிரிழை அளவு மேலெழுந்து நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று கசியும். மிகவும் உயர்ந்திருந்தால் குழல் முழுமையாக மூடாது, மூடிய பின்னும் குழலை மூடிய நிலையில் பிடிக்கும் பூட்டு முழுதாக விழாது. கசிவை அறிய, குழல் மூடிய இணைப்பின் மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, பாதுகாப்பான பின்தடுப்பை நோக்கிக் குண்டுடன் சுட வேண்டும். காகிதம் துள்ளினால் அந்த இணைப்பில் கசிவு இருக்கிறது. புதிய சீல் தாழ்ந்து உட்கார்ந்தால், பள்ளத்தின் அடியில் பழைய சீலின் துணுக்கோ கெட்டிப்பட்ட கிரீஸோ இல்லையென உறுதி செய்த பிறகு, மெல்லிய நெகிழி வளையம் ஒன்றை அடியில் இட்டு உயர்த்தலாம். சீல் உயர்ந்து நின்று பூட்டு அரைகுறையாக விழும் துப்பாக்கியில் குண்டுகள் மேலும் கீழுமாக விலகும் என்பதையும், கீல் ஆட்டத்தில் இடமும் வலமுமாக விலகும் என்பதையும் நினைவில் வைத்தால், இலக்குத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும்.

குழலை மடக்கும்போது கரகரவென உராயும் ஓசை கேட்டால், விசையேற்றும் கம்பி அதன் பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறது. பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்தால் பளபளவெனத் தேய்ந்த கோடு தெரியும். கம்பி வளைந்திருக்கிறதா, கட்டை அதை ஒரு பக்கம் தள்ளுகிறதா என்று பார்த்த பின்பே அரத்தைக் கையில் எடுக்க வேண்டும். இதே பள்ளம் இன்னொரு கோளாறுக்கும் காரணமாகிறது. பிஸ்டனை உள்ளே செலுத்தும்போது, பள்ளத்தின் கூரிய ஓரம் புதிய சீலின் விளிம்பைச் சீவிவிடும். துப்பாக்கி பூட்டிய அன்றே வேகம் குறைந்து, அடி கடுமையாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெட்டுப்பட்ட சீலைச் சரிசெய்ய முடியாது. பள்ளத்தின் உள் ஓரங்களில் உள்ள பிசிறை நீக்கி, உலோகத் துகள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்து, வேறு சீல் போட வேண்டும். அழுத்த அறைக்குள் சாதாரண எண்ணெய் விடுவது ஆபத்தானது. அழுத்தத்தின் சூட்டில் எண்ணெய் எரிந்து வெடிக்கும். சத்தமும் புகையும் வருவதோடு சீலும் ஸ்பிரிங்கும் உடையக்கூடும்.

விசை பிடிக்காமல் போனால், அதாவது குழலை முழுவதும் மடக்கியும் பிஸ்டன் பின்னால் நிற்காமல் திரும்பி வந்தால், பிஸ்டன் சற்றுத் திரும்பிப் பொருந்தியிருக்கலாம் அல்லது விசை அமைப்பு அதன் இடத்தில் முழுதாக உட்காராமல் இருக்கலாம். பிரித்து மீண்டும் பூட்டிப் பார்க்கலாம். ஆனால் பிஸ்டனைப் பின்னால் பிடித்து நிறுத்தும் விசையின் பிடிமுனைகளைத் தேய்த்து அதைச் சரிசெய்ய முயலக் கூடாது. தேய்த்த பிடிமுனை, குழல் திறந்திருக்கும்போதே விடுபடும் நிலைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய்விடும். இது அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை.

ஸ்கோப் பொருத்தியிருந்தால், இத்தனையும் சரியான பிறகு அதைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னோக்கி உதைத்து, பிஸ்டன் நிற்கும் கணத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. இந்த இரட்டை உதையில் ஸ்கோப்பின் பிடிப்பான்கள், துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளத்தில் (அவை பற்றிக்கொள்ளும் ரெயில்) பின்னோக்கி நகர்ந்துவிடும். பிடிப்பானின் விளிம்பை ஒட்டி ஒரு பென்சில் கோடு இட்டு, இருபது குண்டுகள் சுட்ட பின் பார்த்தால் நகர்வு தெரியும். பெரும்பாலான ஏர் ரைபிள்களில் உள்ள 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தில், பின் பிடிப்பானில் தடுப்பு ஊசி இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வளையத் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் குறுக்காக மாற்றி மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ஸ்கோப்பின் உயரத் திருகு எல்லை வரை போயும் குண்டு தாழவே விழுந்தால், குழல் சற்றுத் தாழ்ந்து பொருந்தியிருக்கிறது. இது இந்த வகையில் பரவலாக உள்ளதுதான். குழலை வளைக்க முயலாமல், பின்புறம் உயர்ந்த சாய்வுப் பிடிப்பானை வாங்கினால் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரே வகைக் குண்டில், ஒரே தூரத்தில், ஒரே பிடியில் ஐந்து குண்டுகள் வீதம் சில தாள்கள் சுட்டு, தாளில் என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். இவ்வகைத் துப்பாக்கி பிடிக்கும் விதத்தைப் பொறுத்தே குறியை மாற்றிக்கொள்ளும் என்பதால், இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கிச் சுடுவதே நம்பத்தகுந்த சோதனை. முடிவில் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் கட்டைக்கு ஒரு மெல்லிய வண்ணக் கோடு இட்டுவிட்டால், அடுத்த முறை திருகு தளர்ந்ததா என்பதைக் கருவி எடுக்காமலே கண்ணால் பார்த்துவிடலாம்.