வாசல் சேர்வருக்கு வரும் மெயிலை உள் சேர்வருக்கு அனுப்புவது: போஸ்ட்ஃபிக்ஸ் ரவுட்டிங்

யாழ்ப்பாணத்தில் பல கந்தோர்களில் இப்படி ஒரு அமைப்பு இருக்கும்: இணையத்தைப் பார்த்தபடி ஒரு வாசல் சேர்வர், அதற்குப் பின்னால் தனியார் ஐபியில் உண்மையான மெயில் சேர்வர், கிளிநொச்சியிலோ சாவகச்சேரியிலோ உள்ள கிளையில் விபிஎன் (இணையத்துக்குள் போகும் தனிப் பாதை) வழியாக இன்னொன்று. வெளியிலிருந்து வரும் மெயிலை வாசல் வாங்கி, யாருடையதோ அவருக்குரிய பெட்டிக்குச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருள் இருந்தால் இதற்கு நாலைந்து வரிகள் போதும். ஆனால் அந்த வரிகளில் ஒன்றை விட்டாலும் பிறகு பெரிய தலையிடி. (அமைப்புப் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் மெயின்.சிஎஃப், இது போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பு. உங்கள் டொமைன் உதாரணம்.இலங்கை என்று வைத்துக்கொள்வோம்.

ரிலே_டொமைன்ஸ் = உதாரணம்.இலங்கை
ட்ரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ட்ரான்ஸ்போர்ட்

முதல் வரி எந்த டொமைனுக்கான மெயிலை வாங்கி உள்ளே அனுப்புவது என்று சொல்கிறது, இரண்டாவது எங்கே அனுப்புவது என்று எழுதிய கோப்பைக் காட்டுகிறது. இதே டொமைன், சேர்வர் தன்னுடையதாகக் கொள்ளும் டொமைன்களைச் சொல்லும் மைடெஸ்டினேஷன் வரியிலும் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாசல் சேர்வர் அந்த டொமைனைத் தன்னுடையது என்று நினைத்து, தன்னிடம் இல்லாத பயனர்களைத் தேடி மெயிலைத் திருப்பிவிடும். பிறகு ட்ரான்ஸ்போர்ட் கோப்பில்:

உதாரணம்.இலங்கை எஸ்எம்டிபி:[192.168.10.5]
கிளை.உதாரணம்.இலங்கை எஸ்எம்டிபி:[192.168.20.5]

சதுர அடைப்புக்குறியை விடாதீர்கள். அங்கே ஹோஸ்ட் பெயர் எழுதும்போது அது இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு (மெயிலை வாங்கும் சேர்வர் எது என்று சொல்லும் பதிவு) தேடும், அது வாசலையே காட்டினால் லாக்கில் மெயில் தனக்கே திரும்பி வருகிறது என்ற பிழை வரும். ட்ரான்ஸ்போர்ட்டில் அந்த டொமைனை எழுத மறந்தாலும் இதே பிழைதான். ஐபியாகவே எழுதுவது நல்லது என்பேன். பெயர்தான் வேண்டும், அதை ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் போட்டிருக்கிறோம் என்றால் கவனம்: போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி கிளையண்ட் (மெயிலை அடுத்த சேர்வருக்கு அனுப்பும் பகுதி) வழமையாக டிஎன்எஸ்ஸை, அதாவது பெயருக்கு ஐபி சொல்லும் சேவையை, மட்டுமே கேட்கும், அந்தக் கோப்பைப் பார்க்காது. எஸ்எம்டிபி_ஹோஸ்ட்_லுக்அப் = டிஎன்எஸ், நேட்டிவ் என்று மாற்றினால்தான் பார்க்கும்.

இன்னொன்று, ரிலே_டொமைன்ஸில் மேல் டொமைனை எழுதினால் வழமையான அமைப்பில் சப்டொமைன்களும் அடங்கும், ட்ரான்ஸ்போர்ட் கோப்பில் அப்படி அடங்காது. அதனால்தான் கிளைக்குத் தனி வரி. எல்லா சப்டொமைனும் ஒரே இடத்துக்குப் போவதென்றால் முன்னால் புள்ளி வைத்து .உதாரணம்.இலங்கை என்று எழுதலாம்.

முகவரி முகவரியாகவும் வழி பிரிக்கலாம், ஒரே டொமைனில் சிலர் கிளையில், மற்றவர்கள் தலைமைக் கந்தோரில் என்று. நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசல் சரியாகப் பிரித்துவிடும், ஆனால் தலைமைக் கந்தோர் சேர்வர் அந்த டொமைன் முழுக்கத் தன்னுடையது என்று நம்புவதால், அங்கிருப்பவர் கிளையில் உள்ளவருக்கு எழுதினால் அப்படி ஒருவர் இல்லை என்று திருப்பிவிடும். சப்டொமைன் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

எழுதி முடிந்ததும், கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடக்கூடிய அட்டவணையாக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ட்ரான்ஸ்போர்ட் கோப்பின் மேல் ஓட்டுங்கள், பிறகு போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட். போஸ்ட்மேப் -க்யூ என்று கொடுத்து டொமைன் பெயரைக் கேட்டால் எந்த ஐபிக்குப் போகும் என்று உடனே சொல்லும்.

இனித்தான் பலர் விட்டுவிடுகிற இடம். ரிலே_ரிசிப்பியன்ட்_மேப்ஸ், அதாவது வாசல் ஏற்க வேண்டிய முகவரிகளின் பட்டியல், காலியாக இருந்தால் அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாசல் வாங்கிவிடும். உள் சேர்வர் அப்படி ஆளில்லை என்று மறுக்கும், உடனே வாசல் ஒரு திருப்பல் மெயில் எழுதி அனுப்புநருக்கு அனுப்பும். ஸ்பாம் மெயிலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய், ஆகவே அந்தத் திருப்பல் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். இது தொடர்ந்தால் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலுக்குப் போகும், பிறகு உங்கள் கந்தோரின் உண்மையான கடிதங்களும் போய்ச் சேராது. இருக்கிற முகவரிகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓகே என்று போட்டு, அதையும் போஸ்ட்மேப் செய்து இந்த வரியில் கொடுங்கள். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் அங்கேயும் சேர்க்க வேண்டும், அலுப்புத்தான், ஆனாலும் செய்யுங்கள். உள் சேர்வரிடமே கேட்டுச் சரிபார்க்கிற ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரிசிப்பியன்ட் என்ற வழியும் உண்டு. ஆனால் கரண்ட் போய் உள் சேர்வர் படுத்திருக்கும் நேரத்தில் அது முன்பு பார்த்திராத முகவரிகளுக்கு வரும் மெயிலை வாசலிலேயே தள்ளிப்போடும். கையால் எழுதிய பட்டியலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கரண்ட் அல்லது விபிஎன் போனால் மெயில் தொலையாது. போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் வைத்து 300 செக்கனில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, ஆகக்கூடியது 4000 செக்கனுக்கு ஒருமுறை முயலும். வழமையாக 5 நாள் வைத்திருக்கும், நீண்ட விடுமுறையில் கிளை மூடியிருக்கும் என்றால் மேக்ஸிமல்_க்யூ_லைஃப்டைம் மதிப்பைக் கூட்டுங்கள். இணைப்பு வந்ததும் காத்திருக்கத் தேவையில்லை, போஸ்ட்க்யூ -எஸ் கிளை.உதாரணம்.இலங்கை என்று அடித்தால் அந்தக் கிளைக்குரியதை மட்டும் உடனே தள்ளும்.

வெளியே போகும் பக்கம் சுருக்கமாக: உள் சேர்வரின் ரிலேஹோஸ்ட்டாக (வெளியே போகும் மெயிலை ஒப்படைக்கும் சேர்வராக) வாசலைக் கொடுங்கள், யார் அதன் வழியாக வெளியே அனுப்பலாம் என்று சொல்லும் வாசலின் மைநெட்வொர்க்ஸில் லோக்கல்ஹோஸ்ட்டோடு உள் சேர்வர்களின் ஐபிகளை மட்டும் எழுதுங்கள். 192.168.0.0/16 என்று முழு வலையையும் திறந்துவிட்டால் வைரஸ் பிடித்த ஒரு மேசைக் கணினி போதும், உங்கள் பெயரில் ஸ்பாம் போகத் தொடங்கும். எஸ்பிஎஃப் சோதனையை (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) வாசலிலேயே வையுங்கள், உள்ளே எல்லா மெயிலும் வாசலின் ஐபியிலிருந்து வருவதாகத்தான் தெரியும்.

அமைக்கும் நாளில் சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ் என்று போட்டு வையுங்கள், அமைப்பில் பிழை இருந்தாலும் மெயில் நிரந்தரமாகத் திரும்பாமல் மறுபடி முயலப்படும். வெளி முகவரியிலிருந்து, உங்கள் டொமைனில் இருக்கிற ஒருவருக்கும் இல்லாத ஒருவருக்கும் எழுதிப் பாருங்கள். முதலாவதுக்கு மெயில் லாக்கில் ரிலே என்ற இடத்தில் 192.168.10.5 வந்து, ஸ்டேட்டஸ் சென்ட் என்று இருக்க வேண்டும். இரண்டாவது வரிசைக்குள் நுழையாமல் வாசலிலேயே மறுக்கப்பட வேண்டும். இரண்டும் சரியென்றால் சாஃப்ட்_பவுன்ஸ் வரியை எடுத்துவிட்டு ஒரு ரீலோட் கொடுங்கள்.