பீங்கான் பொம்மை சேக்கணும்னா மொதல்ல அடியைத் திருப்பிப் பாருங்க

கல்லிடைக்குறிச்சில எங்க ஆச்சி வீட்டு கண்ணாடி பீரோவுல ஒரு பீங்கான் பொம்மை இருந்துச்சு, பூக்கூடை வச்ச பொண்ணு, கொலுவுக்கு மட்டுந்தான் வெளிய வரும், அதைப் பாத்து பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. இப்ப பாளையங்கோட்டை வீட்டுல பதினாலு இருக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுதேன்.

கண்டதையும் வாங்காதீங்க, ஒரே ஒரு ஸ்டுடியோவைப் பிடிச்சுக்கிடுங்க. ஒரு பட்டறையோட கைவேலை கண்ணுல பதிஞ்சிட்டா போலி தானா தெரியும். நான் சேக்கிறது லாட்ரோ, ஸ்பெயின்ல வலென்சியா பக்கத்துல அல்மாசெராங்கிற ஊர்ல மூணு அண்ணன் தம்பிங்க 1953ல ஆரம்பிச்சது. பிள்ளையார், லட்சுமின்னு நம்ம சாமியும் செய்யுதாங்க. இதழ் இதழா கையால ஒட்டின பூ இருக்கு பாருங்க, அதுக்குத்தான் நான் மயங்கினது.

பொம்மை கையில வந்ததும் முகத்தைப் பாக்காம அடியைத் திருப்புங்க. லாட்ரோன்னா நீலத்துல பேரும் ஒரு மணிப்பூவும் இருக்கும். நாவோன்னு இருந்தா அதே கம்பெனியோட விலை கம்மி வரிசை, அழகுதான், ஆனா அதுக்கு லாட்ரோ விலை குடுக்காதீங்க. ஜெர்மனியோட மைசன் பட்டறை 1710ல தொடங்கினது, அதுக்கு ரெண்டு வாள் குறுக்கா வச்ச முத்திரை, இதைக் காப்பியடிச்சவங்க நெறைய பேரு, அந்த வாள் மேல கீறல் போட்டிருந்தா பட்டறையே ரெண்டாந்தரம்னு ஒதுக்கினதுன்னு அர்த்தம். அடியில சின்ன ஓட்டை இருந்தா பயப்படாதீங்க, பொம்மை உள்ள வெறுங்கூடு, சூளையில காத்து வெளிய போக வச்ச வழி அது.

நெசமாவே பீங்கான்தானான்னு தெரிய, கிளேஸ் (மேல இருக்க கண்ணாடி மாதிரி பூச்சு) இல்லாத அடி விளிம்புல ஒரு சொட்டு தண்ணி வச்சுப் பாருங்க. காருக்குறிச்சி மண்பானைன்னா சட்டுனு குடிச்சிரும், பீங்கான் 1,200 டிகிரிக்கும் மேல வெந்தது, தண்ணி அப்படியே நிக்கும்.

அடுத்து விரலு, பூவிதழ், குடைக்கம்பி. ஒடையிறது இங்கதான். நான் ஒருத்தர்கிட்ட போட்டோ மட்டும் பாத்து ஒண்ணு வாங்கி, வீட்டுக்கு வந்தப்புறம் பாத்தா சுண்டுவிரல ஒட்டி பெயிண்ட் அடிச்சிருக்கு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அதுக்கப்புறம் கடைக்காரங்க ரூபா நோட்டு செக் பண்ணுத யூவி டார்ச் ஒண்ணு கையோட கொண்டு போறேன், இருட்டுல அடிச்சா ஒட்டின எடம் பெரும்பாலும் வேற நெறமா தெரியும், நகத்தால தடவினாலும் பெயிண்ட் மெத்துனு இருக்கும், கிளேஸ் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆன்லைன்னா அடி, விரலு, பின்பக்கம் மூணுக்கும் கிட்டப் போய் எடுத்த போட்டோ கேளுங்க, தரமாட்டேன்னா விட்ருங்க. பழைய டப்பா இருந்தா அதையும் கேட்டு வாங்கிருங்க, திரும்ப விக்கும்போது மதிப்பு கூடும்.

கழுவ தொட்டியில முக்கவே கூடாது, ஓட்டை வழியா தண்ணி உள்ள போயி அழுக்கு கசியும். மேக்கப் பிரஷ்ல தூசி தட்டுனா போதும், ரொம்ப அழுக்குன்னா கீழ டவல் விரிச்சு, வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பிரஷ்ஷ நனைச்சு மெதுவா தடவுங்க. தூக்கும்போது இடுப்பையோ அடியையோ பிடிங்க, கையப் பிடிச்சுத் தூக்காதீங்க.

நம்ம ஊர்ல ஆனி ஆடி காத்துக்குப் பயந்தே ஆகணும். ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, ஸ்கிரீன் துணி ஒரு வீசு வீசினா போச்சு. அடியில மியூசியம் வாக்ஸ், அதாவது பொருள் நகராம ஒட்டி வைக்கிற மெழுகு, பட்டாணி அளவுக்கு மூணு எடத்துல வச்சு அமுக்கிட்டா நகராது, எடுக்கும்போது இழுக்காம லேசா திருகி எடுங்க. கொலுவுல வைக்கிறதா இருந்தா மேல்படிதான், கீழ்ப்படின்னா சுண்டலுக்கு வர்ற பிள்ளைங்க கை எட்டிரும்.