பர்கருக்கு மார்க் போடும் முன்

ஒரு கடையின் பர்கரை எடைபோட, பத்து அயிட்டம் அடுக்கிய ‘ஸ்பெஷல்’ வேண்டாம். மெனுவில் இருப்பதிலேயே எளிய சீஸ் பர்கரை வாங்குங்கள், சாஸைத் தனியாகக் கேளுங்கள். சுமாரான இறைச்சியை மறைப்பது பெரும்பாலும் சாஸ்தான்.

வந்ததும் சரிபாதியாக வெட்டி, அடி பன்னைப் பாருங்கள். உட்புறம் பொன்னிறமாக டோஸ்ட் ஆகியிருந்தால் சாறு சட்டென்று இறங்காது. ஐந்து நிமிடத்தில் ஊறிப் பிய்ந்தால் டோஸ்ட் போதவில்லை, அல்லது தக்காளியின் ஈரத்தை வடிக்கவில்லை.

பன்னுக்கு நடுவே இருக்கும் வட்டமான கொத்துக்கறித் துண்டுதான் பேட்டி (patty). அதன் மேற்புறம் கரும்பழுப்பாக முறுகியிருக்க வேண்டும். சாம்பல் நிறமா? கல் சரியாகச் சூடாகவில்லை. இறைச்சி தன் நீரிலேயே வெந்திருக்கிறது. கடித்தால் உதிர வேண்டும். ரப்பராக இழுத்தால், கொத்துக்கறியில் உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்திருப்பார்கள். வறண்டிருந்தால் கொழுப்பு குறைவு (20 சதவீதமாவது வேண்டும்), இல்லையென்றால் பாதி வெந்தபின் கரண்டியால் அழுத்திச் சாற்றைப் பிழிந்திருப்பார்கள்.

பத்துக்கு பேட்டி 5, பன் 3, மற்றதெல்லாம் சேர்த்து 2. ஃபிரைஸ் இந்தக் கணக்கில் வராது. பார்சலுக்கு மார்க் போடாதீர்கள். பெட்டிக்குள் அடைபட்ட ஆவியிலேயே நல்ல பன்னும் நமுத்துவிடும்.