எஸ்பிஏ-15 சிலிக்காவில் அமீன் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்துளைகள் நிறைந்த சிலிக்காப் பொடியான எஸ்பிஏ-15, பார்வைக்குக் கோலமாவு மாதிரிதான். ஆனால் நன்றாக வந்த ஒரு கிராம் பொடிக்குள் சுமார் 700 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். மூன்று கிரவுண்டு மனைக்குச் சமம். அந்தத் துளைச் சுவர்களில் நைட்ரஜன் அடங்கிய அமீன் தொகுதியைப் பிணைத்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கலாம், நீரிலுள்ள கன உலோகங்களைப் பிரிக்கலாம். இதற்குப் பலரும் எடுப்பது ஏபிடிஇஎஸ் என்ற அமினோ சிலேன், அதாவது ஒரு முனையில் அமீனும் மறுமுனையில் சுவரைப் பற்றும் சிலிக்கானும் உள்ள மூலக்கூறு. பொடியை டொலுயீனில் கலக்கி, ஏபிடிஇஎஸ் சேர்த்து, 110 டிகிரியில் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்து), வடிகட்டிக் கழுவினால் வேலை முடிந்தது. கேட்க எளிது. கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்.

சிலிக்கா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் வாரக்கணக்கில் கிடந்த பொடியை அப்படியே வினைக்கு எடுத்தால், சிலேன் சுவரிலுள்ள சிலனாலை (சிலிக்கான் மேலுள்ள OH தொகுதியை) தேடிப் போவதற்கு முன்பே அந்த ஈரத்தோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் தமக்குள்ளேயே பிணைந்துவிடும். அதன் அமீனே இதற்கு வினையூக்கியாகவும் இருப்பதால் எல்லாம் வேகமாக நடக்கும். உருவாகும் கட்டிகள் துளையின் வாயை அடைக்கும். உள்ளே சுவர் வெறுமையாகவே கிடக்கும். தனிமப் பகுப்பாய்வில் நைட்ரஜன் தாராளமாகத் தெரியும் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற இடம். பொடியை 120 முதல் 150 டிகிரியில், வெற்றிடத்தில், இரவு முழுக்க உலர்த்துங்கள். டொலுயீனும் உலர்ந்ததாக இருக்கட்டும். வினை நைட்ரஜன் சூழலில் நடக்கட்டும். அதற்காக 400 டிகிரிக்குப் போக வேண்டாம். ஈரத்தோடு சிலனாலும் கணிசமாகக் குறைந்துவிடும், சிலேன் பற்றிக்கொள்ள இடம் சுருங்கிவிடும்.

சிலேனை அளவில்லாமல் ஊற்றுவதும் தவறு. ஒரு சதுர நானோமீட்டருக்கு 2 சிலனால் என்று வைத்தால், ஒரு கிராமின் 700 சதுர மீட்டருக்கு 2.3 மில்லிமோல் வருகிறது. ஒவ்வொரு சிலனாலுக்கும் ஒரு சிலேன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் அரை மில்லிக்குச் சற்றே அதிகமான ஏபிடிஇஎஸ் போதும். வினை முடிந்ததும் வெறும் வடிகட்டலோடு நிறுத்தாதீர்கள். சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சும் சாக்ஸ்லெட் கருவியில் கழுவினால்தான் பிணையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது போகும்.

அடுத்தது, ஒட்டியதற்கான ஆதாரம். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) வரைபடம் ஒன்றை மட்டும் காட்டி முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீரின் 1630 உச்சியும் அமீனின் 1600 உச்சியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) எடுத்தால் 150 டிகிரிக்குக் கீழே இழப்பது நீர் என்று ஒதுக்குங்கள். அதற்கு மேல் வெறும் சிலிக்காவும் எடை இழக்கும், அதையும் கழியுங்கள். பரப்பளவு குறைந்ததை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது. துளை விட்டமும் கொஞ்சம் சுருங்கியிருந்தால் சுவரில் பூச்சு ஏறியிருக்கிறது. விட்டம் மாறாமல் துளைக் கனஅளவு மட்டும் சரிந்திருந்தால் துளைகள் அடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பரப்பையும் துளையையும் அளக்கும் இந்த அளவீட்டுக்கு முன் வாயு நீக்கும்போது, வெறும் சிலிக்காவுக்கு வைக்கிற 300 டிகிரியை இதற்கும் வைத்து அமீனைக் கருக்கியவர்கள் இருக்கிறார்கள். 100 டிகிரி போதும்.

சிலேனைச் சிலிக்காவைத் தொகுக்கும்போதே சேர்ப்பவர்கள் கால்சினேஷன் (அதிக வெப்பத்தில் சுடுதல்) பக்கமே போகக்கூடாது, அமீன் எரிந்துவிடும். துளைகளுக்கு அச்சாக இருந்த வார்ப்பை அமிலம் கலந்த எத்தனாலால் பிரித்தெடுங்கள். பிறகு காரத்தால் நடுநிலையாக்க மறக்காதீர்கள். இல்லையேல் கையில் இருப்பது அமீன் அல்ல, அமோனியம் உப்பு.