பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறீர்களா? மழைத்தண்ணீர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கொசப்பேட்டை, சலவன்பேட்டை, சாயிநாதபுரம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஏதாவது ஒரு பழைய வீடு இடிபட்டுக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீடு போய் மாடி வீடு வருகிறது. அதில் தப்பே இல்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிறார்கள், மேல் போர்ஷன் வாடகை கைகொடுக்கிறது. ஆனால் அந்த மனையில் விழுகிற மழை இனி எங்கே போகும் என்ற கேள்வி பெயிண்ட் அடிக்கிற சமயத்தில்தான் எழுகிறது. அதற்குள் இடமெல்லாம் தீர்ந்து, கேட் ஓரத்தில் இரண்டடி மட்டும் மிச்சமிருக்கும். அங்கே ஒரு குழி, கொஞ்சம் ஜல்லி, மேலே ஒரு மூடி. வேலை முடிந்ததாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்தத் தாமதத்திலிருந்துதான் பிறக்கின்றன. தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டிய நேரம், இடிக்க ஆள் பேசும் நாள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஐந்து செண்ட் மனை என்றால் 2,178 சதுர அடி, அதாவது சுமார் 202 சதுர மீட்டர். ஐப்பசி மழை ஒரு ராத்திரியில் 60 மி.மீ. கொட்டினால், அந்த ஒரு மனையில் மட்டும் 12,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. பழைய வீட்டில் புழக்கடை, முருங்கை மரத்தடி, கிணற்றடி என்று பாதி மனை மண்ணாகக் கிடந்தது. ஓட்டிலிருந்து சொட்டியதும் அந்த மண்ணில்தான் இறங்கியது. புது வீட்டில் கட்டடம் போக மிச்ச இடத்துக்கும் சிமெண்ட் போட்டுவிட்டால், அந்த 12,000 லிட்டரில் பெரும்பகுதி தெருவுக்கு வந்துவிடும். ஒரே தெருவில் பத்து வீடு இப்படி மாறினால் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். தெருக்கால்வாயோ பழைய அளவில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நிக்கல்சன் கால்வாய் மாதிரியான வாய்க்கால்களில் போய்ச் சேர்ந்து, கடைசியில் தாழ்வான இடத்தில் இருக்கிறவர்களின் வீட்டுக்குள் நுழைகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையில் கன்சால்பேட்டை, இந்திரா நகர் மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

கிணற்றை மூடுவது

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு இது. இடிப்பு வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். ஜேசிபி சுவரைத் தள்ளும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் குவியும். இந்த இடிபாட்டை, ரப்பீஸை, ஏற்றிப்போக டிராக்டருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. பின்பக்கம் வறண்ட கிணறு ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கும். "சும்மாதானே கிடக்கு, உள்ளே தள்ளிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. அரை நாளில் கிணறு மறைந்துவிடும். நாலு நடை டிராக்டர் கூலி மிச்சம்.

போனது என்ன தெரியுமா? தாத்தா காலத்தில் முப்பது நாற்பது அடி தோண்டி, கல் கட்டி, நிலத்தடி நீர் ஓடும் அடுக்கு வரைக்கும் இறக்கி வைத்திருந்த ஒரு வழி. இன்றைக்கு அதே ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டக் கூலி விசாரித்தால் மலைத்துப்போவீர்கள். வறண்ட கிணறுதான் மழைநீரை உள்ளே அனுப்ப மிகச் சிறந்த இடம். கிணறு பில்லர் வரும் இடத்தில் இருக்கிறது என்றால், பிளான் போடும்போதே என்ஜினியரிடம் சொல்லி, பில்லரையோ படிக்கட்டையோ கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். பல மனைகளில் அது முடிகிற காரியம். கிணற்றுக்கு மேலே கான்கிரீட் மூடி போட்டு, இறங்கிச் சுத்தம் செய்ய ஒரு வாய் விட்டால் போதும். கார்கூட நிறுத்தலாம், மூடியை அந்தப் பாரத்துக்குத் தகுந்தாற்போல் என்ஜினியர் வடிவமைத்திருந்தால்.

மாடித் தண்ணீரை நேராகக் கிணற்றில் விடக் கூடாது, போர்வெல் குழாயில் விடவே கூடாது. கோடை முழுக்க மாடியில் சேர்ந்த தூசி, காக்கை எச்சம், காய்ந்த இலை எல்லாம் அதில் வரும். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். அடுத்த மழையிலிருந்து ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக உள்ளே விடலாம்.

பேருக்கு ஒரு குழி

கிணறு இல்லாத மனையில் சிமெண்ட் வளையங்களை, அதாவது உறை, இறக்கிக் குழி போடுவார்கள். மூன்றடி விட்டம், பத்தடி ஆழம். வெறுமையாக இருந்தால் அதில் 2,000 லிட்டர் பிடிக்கும். அதையே வாய் வரைக்கும் ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் சுமார் 800 லிட்டர்தான் நிற்கும். வருவதோ 12,000. அதனால் அடியில் மட்டும் ஓரிரு அடி ஜல்லி போட்டு மிச்சத்தை வெறுமையாக விடுங்கள். வடிகட்டும் வேலையைத் தனித் தொட்டி பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குழி போதாத இடத்தில் இரண்டு மூன்று போடுங்கள். செப்டிக் டேங்க்கிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். அஸ்திவாரத்தை ஒட்டியும் வேண்டாம்.

எத்தனை குழி என்பதை மண்தான் சொல்ல வேண்டும். பாலாற்றை ஒட்டிய பக்கம் மணற்பாங்கு, தண்ணீர் சட்டென்று இறங்கும். மலைப் பக்கம் நகர நகரப் பாறையும் இறுகிய சரளையும் வந்துவிடும். நடுவில் களிமண் பட்டைகளும் உண்டு. அஸ்திவாரத்துக்குத் தோண்டும் நாளில், ஒரு மூலையில் இரண்டடிக் குழி எடுத்து முதலில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். அப்புறம் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து என்ஜினியரிடம் கொடுங்கள். செலவே இல்லாத சோதனை இது. தண்ணீர் அசையவே இல்லை என்றால் குழியை இன்னும் ஆழமாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பைப் பெரிதாக்கித் தண்ணீரைத் தேக்கி வைத்துப் புழங்க வேண்டும்.

வாட்டமும் வாசலும்

மொட்டை மாடிக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, பார்க்கிற மேஸ்திரி தரைக்குப் பார்க்கிறபோது எல்லாவற்றையும் தெருப் பக்கம் சாய்த்துவிடுவார். கேட்காவிட்டால் அப்படித்தான் அமையும். கட்டடத்தைச் சுற்றிக் கூழாங்கல் படுகை, அதை நோக்கித் தரைக்கு வாட்டம், கேட் வாயிலில் 7.5 செ.மீ. உயரத்துக்கு, அதாவது மூன்று அங்குலத்துக்கு, ஒரு சின்னத் தடுப்பு என்று நம் கட்டட விதிகளே வழி சொல்லியிருக்கின்றன. அந்த மூன்று அங்குலத் திட்டு பைக் ஏறத் தடையாக இருக்காது. மனைத் தண்ணீரை மனையிலேயே நிறுத்த அது போதும். இதைக் கட்டிய வீடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான விஷயம்.

வாசலுக்கு வெளியே கால்வாய்மேல் சாய்தளம் போடும்போது மொத்தமாகக் கான்கிரீட் ஊற்றி மூடாதீர்கள். உள்ளே சேரும் சேற்றை அள்ள வழியில்லாமல் போய், அடுத்த மழைக்கு மேட்டுப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் வாசலிலேயே நிற்கும். தூக்கி எடுக்கிற சிலாப் போடுங்கள். மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடை சேம்பரில் சேர்ப்பதும் பெரிய தவறு. அந்தக் குழாய் கழிவுநீர் அளவுக்குத்தான் போடப்பட்டது. மழைத்தண்ணீரும் சேர்ந்தால் தாழ்வான வீட்டு டாய்லெட்டில் கழிவு பொங்கும்.

மண் கொட்டி மனையைத் தூக்குவது இன்னொன்று. ரோடு உயர உயர வீடு தாழ்ந்துபோகிறதே என்ற பயம் நியாயமானது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு வந்தது. உங்கள் தெருவில் தார் போட வரும்போது அதைக் கேளுங்கள். வீட்டின் தரைமட்டத்தை உயர்த்துங்கள், மனை முழுவதையும் மூன்றடி தூக்காதீர்கள். தூக்கினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்குள்தான் இறங்கும்.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில், அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே உறுதி கொடுத்தால், ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நேரில் வந்து பார்க்க யாரும் இல்லை என்பதால் மழைநீர் சேகரிப்பு வேண்டாம் என்று சிலர் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. 2003-லேயே தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாகிவிட்டது, 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

மனையின் எல்லையைக் காட்டும் புல வரைபடத்தை வாங்கிப் பார்க்காமல் இடத்தில் கை வைக்காதீர்கள். ஊர் விரிந்து ஏரிப் பாசன நிலங்களெல்லாம் மனைகளாகிவிட்டன. மனையின் ஓரத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஒன்று ஓடலாம். தரையில் இப்போது தூர்ந்து கிடந்தாலும் மழைக்கு அந்த வழி தெரியும். அதன்மேல் காம்பவுண்ட் சுவர் எழுப்பினால் சுவரும் நிற்காது, பின்னால் வழக்கும் வரும்.

தோல் தொழிற்சாலை இருந்த இடம் என்றால்

இதுவரை சொன்னது எல்லாம் இங்கே தலைகீழ். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பழைய தோல் பதனிடும் ஷெட்டுகளை இடித்து மனை போடும் இடங்களில் மண்ணிலேயே தோல் பதனிடப் பயன்பட்ட குரோமியமும் உப்பும் தங்கியிருக்கலாம். வடஆற்காட்டுத் தோல் கழிவு வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து, மழைக்கு மழை மஞ்சளாக வழிந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் உறைக்குழி போட்டால், அத்தனை விஷத்தையும் நாமே கழுவி நிலத்தடி நீருக்கு அனுப்பியதாகிவிடும்.

அங்கே முதல் செலவு மண் பரிசோதனை. பல இடங்களில், வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுத்துக் குரோமியத்துக்குச் சோதிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலையும் கேட்க வேண்டும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி தனியாக வேண்டும். மண் பரிசோதனை முடிவு வரும்வரை மாடித் தண்ணீர் அந்த மண்ணைத் தொடாமல் குழாய் வழியாகவே மூடிய சம்புக்குப் போகட்டும். நிரம்பி வழிவது கான்கிரீட் கால்வாயில் வெளியேறட்டும். மண் சுத்தம் என்று அறிக்கை கைக்கு வந்த பிறகு குழி தோண்டலாம்.