குணம் மூக்கில் இல்லை: கார்ட்டூனில் ஆளுமை வகைகளைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகப் பயிற்சி வகுப்பு, திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை, பெற்றோர் கூட்டம் என்று எங்கே போனாலும் ஆளுமை வகைகளைப் பற்றி யாராவது பேசுகிறார்கள். கூடவே ஒரு கார்ட்டூனும் திரையில் வருகிறது. குணத்தை வைத்து மனிதர்களைப் பிரிப்பதில் மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற முறையில் 16 வகை, எனியாகிராம் என்ற முறையில் 9 வகை. எண்ணிக்கை எதுவானாலும் படங்கள் மட்டும் மாறுவதில்லை. கோபக்காரருக்கு அடர்ந்த புருவம், கணக்குப் பார்ப்பவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, அதிகம் பேசாதவருக்குக் கூன் விழுந்த முதுகு. முதல் தவறு இதுதான்: குணத்தை உடம்பில் வரைவது.

படக்கதை என்ற வடிவத்துக்கு முன்னோடியான ரொடால்ஃப் டோப்ஃபர், ஜெனீவாவில் ஒரு விடுதிப் பள்ளியை நடத்தியவர். முகங்களை வரைவது பற்றி 1845இல் அவர் எழுதிய கட்டுரையில் முகக் குறிகளை இரண்டாகப் பிரித்தார். மூக்கின் நீளம், நெற்றியின் அகலம், தாடையின் அமைப்பு ஆகியவை நிலையானவை. சிரிப்பு, அழுகை, முகச்சுளிப்பு ஆகியவை வந்து போகிறவை. வந்து போகிறவை அந்த நேரத்து மனநிலையைச் சரியாகக் காட்டிவிடும். நிலையானவற்றை வைத்துக்கொண்டு ஒருவருடைய குணத்துக்கோ அறிவுக்கோ தீர்ப்பெழுத முடியாது என்றார் அவர். மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்லும் வித்தை ஐரோப்பாவில் செல்வாக்கோடு இருந்த காலம் அது. விதவிதமான மூக்குகளை வரைந்தே பெயர் வாங்கியவர் மூக்கை நம்பாதே என்று சொன்னதில் ஒரு கூடுதல் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் குணத்தை எங்கே காட்டுவது? செய்கையில். ஆனந்த விகடனில் மதன் வரைந்த முன்ஜாக்கிரதை முத்தண்ணாவை நினைத்துப் பாருங்கள். பெயரிலேயே குணத்தைச் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் சிரிப்பு வரவேண்டுமானால் அந்த மனிதர் செய்துவைக்கும் ஏற்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். நாமும் அதே ஏற்பாட்டைச் சற்றுச் சிறிய அளவில் வீட்டில் செய்துவைத்திருக்கிறோம் என்பதால்தான் சிரிக்கிறோம்.

அடுத்த தவறு படத்துக்குக் கீழே இருக்கும் வாசகத்தில். “வெளியே தைரியசாலி, உள்ளே கொஞ்சம் தயக்கம் உள்ளவர்” என்று எழுதினால் எந்த வகைக்காரரும் மறுக்கமாட்டார். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குணச்சித்திரம் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே பத்தி. அதன் வரிகளை அவர் எடுத்ததோ கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து. ஆகவே உங்கள் வாசகத்தை வேறொரு வகையின் படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடுங்கள்.

உறவுகளை வரையும்போதுதான் பிழை பெரிதாகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவைக்கும் கணவர், கடைசி நிமிடத்தில்தான் சுறுசுறுப்பாகும் மனைவி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான படத்தில் கணவர் பெட்டியோடு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். மனைவி கண்ணாடி முன் நின்று பவுடர் பூசிக்கொண்டிருப்பார். நியாயம் முழுவதும் ஒரு பக்கம், கேலி முழுவதும் மறுபக்கம். வரைந்தவர் எந்தக் கட்சி என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதையே மூன்று கட்டங்களாக வரையலாம். முதல் கட்டத்தில், பயணத்துக்கு முந்தின இரவே கணவர் தன் செருப்பை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைக்கிறார். மனைவி வார இதழில் மூழ்கியிருக்கிறார். இரண்டாவதில், எழும்பூர் நிலையத்தின் ஆளில்லாத நடைமேடையில் இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவி கொட்டாவி விடுகிறார். மூன்றாவதில், ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்ற அறிவிப்பு வருகிறது. கணவர் அறிவிப்புப் பலகையை வெறித்துக்கொண்டு நிற்கிறார்; மனைவியோ பக்கத்துக் குடும்பத்தோடு புளிச்சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கணவர் இல்லாவிட்டால் அவர்கள் நேரத்துக்கு வந்திருக்கமாட்டார்கள். மனைவி இல்லாவிட்டால் அந்த நாலு மணி நேரம் நகர்ந்திருக்காது. இருவரிடமும் ஓர் அசட்டுத்தனம், இருவரிடமும் ஒரு பலம். எந்த வகையின் பெயரையும் எழுதவேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ படக்கதைத் தொடரில், சிறுவன் சார்லி பிரவுன் உதைக்க ஓடிவரும் பந்தை லூசி 1952இல் முதன்முதலாக இழுத்துக்கொண்டாள். பிறகு பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டே இருந்தாள். அவள் இழுப்பது மட்டும் என்றால் அது குறும்பு. அவன் மறுபடியும் நம்பி ஓடிவருவதும் சேர்ந்தால்தான் அது உறவு. ஒருவரை மட்டும் வரைந்துவிட்டு உறவை விளக்கிவிட்டதாக நினைப்பவர்கள் இந்தப் பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

ஒரு பக்கக் கேலியில் வேறொரு தீங்கும் உண்டு. தம்பதிகளின் உரையாடல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், உறவைக் குலைக்கும் பழக்கங்களில் இகழ்ச்சியையே மிகக் கொடியது என்கிறார். குத்தலும் ஏளனமும் அதன் வடிவங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏளனம் இருந்தால், உங்கள் கார்ட்டூன் அதற்கு அச்சடித்த சான்றிதழாகிவிடும். “பார், உன்னைத்தான் வரைந்திருக்கிறார்கள்” என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும்.

பூரிக்கட்டை மனைவி, அடி வாங்கும் கணவன், வில்லி மாமியார் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை வேடங்கள், ஆளுமை வகைகள் அல்ல. அவற்றை வைத்து யாருக்கும் எதையும் விளக்க முடியாது.

வகையை ஒருவர்மேல் நிரந்தரமாக ஒட்டிவிடும் தவறுக்கு ஜப்பான் நல்ல பாடம். அங்கே ரத்த வகைக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடும் எண்ணம் 1927இல் டாக்கேஜி ஃபுருகாவாவின் கட்டுரையிலிருந்து கிளம்பியது. 1971இல் மாசாஹிகோ நோமியின் புத்தகம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஏ, பி, ஓ, ஏபி என்று நான்கு பாத்திரங்கள் படக்கதைகளிலும் அனிமேஷனிலும் உலவுகின்றன. ரத்த வகையைச் சொல்லி ஒருவரை ஒதுக்குவதற்குத் தனிச் சொல்லே அங்கே உண்டு. 2011இல் கடுஞ்சொல் பேசிச் சர்ச்சையில் சிக்கிப் பதவி விலகிய மறுசீரமைப்பு அமைச்சர் ரியு மாட்சுமோட்டோ, தன் ரத்தம் பி வகை என்பதையே காரணமாகச் சொன்னார். வேடிக்கையாகத் தொடங்கிய வகை, திட்டுவதற்குக் கருவியாகவும் தப்பிப்பதற்குச் சாக்காகவும் ஆகிவிடுகிறது.

உண்மையில் கலகலப்பும் தனிமை விருப்பமும் ஒரே அளவுகோலின் இரு முனைகள். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். அதனால் ஒரே ஆளை இரண்டு இடங்களில் வரைந்து காட்டுங்கள். கல்யாண வரவேற்பில் தூணுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஒதுங்கி நிற்பவர், சதுரங்க நண்பரிடம் சிக்கினால் இரவு பதினொரு மணிவரை ஓயாமல் பேசுகிறார். கூச்சம் வேறு, தனிமையில் ஓய்வு தேடுவது வேறு என்பதும் இந்த இரண்டு படங்களிலேயே விளங்கிவிடும்.

கடைசியாக, வகுப்பில் படத்தைக் காட்டிவிட்டு “இது உங்களில் யார், சொல்லுங்கள்” என்று கேட்கும் பழக்கம். அறையிலுள்ள எல்லாத் தலைகளும் ஒரே ஆளை நோக்கித் திரும்பும். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கமாட்டார். “இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வகையின் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.