அவசர அழைப்பு மென்பொருளில் ‘கால் டைப்’ குறியீடுகள் அமைப்பது எப்படி?

அவசர அழைப்பைப் பதிந்து வண்டிகளை அனுப்ப உதவும் டிஸ்பாட்ச் மென்பொருளின் அட்மின் பொறுப்பு புதிதாக வந்தவர்களுக்குக் கால் டைப் (அழைப்பு வகை) பட்டியல் வெறும் டிராப்டவுனாகத்தான் தெரியும். ஆனால் அழைப்பை எடுத்துப் பேசும் கால் டேக்கர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுமே எந்தத் துறை, எத்தனை வண்டி, எவ்வளவு அவசரம் என்று மென்பொருள் பரிந்துரைத்துவிடும். புள்ளிவிவரத்துக்கான பட்டியல் என்று நினைத்து இதை அமைக்க உட்காராதீர்கள். திரையில் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: மென்பொருளைத் திறக்காமல் பட்டியலை எழுதுங்கள்

பழைய அழைப்புகளை எடுத்து, குறிப்புப் பகுதியில் கால் டேக்கர்கள் தட்டியிருப்பதைப் படியுங்கள். அழைப்பவர் “பக்கத்து வீட்டு ஜன்னல்ல புகை வருது” என்பார். “மின்கசிவால் தீ” என்று எவரும் சொல்வதில்லை. அது தீயை அணைத்த பிறகு தெரியவரும் விஷயம். காதில் விழுவதை வைத்துத் தேர்வது கால் டைப். போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது முடிவுக் குறியீடு. அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. இரண்டையும் கலந்தால் பட்டியல் வீங்கிவிடும், கால் டேக்கர் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.

படி 2: கத்தரியுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டிரண்டு வகைகளாக எடுத்து இப்படிக் கேளுங்கள்: போகும் வண்டிகள் வேறா? முன்னுரிமை வேறா? கேட்க வேண்டிய கேள்விகளோ, போகிறவர்களுக்குத் தரவேண்டிய எச்சரிக்கையோ வேறா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் அவை ஒரே வகைதான். சைக்கிள் திருட்டு, பைக் திருட்டு என்று இரண்டு வேண்டுமென யாராவது அறிக்கைக்காகக் கேட்பார்கள். திருடன் போய்விட்டான் என்றால் இரண்டுக்கும் ஒரே வண்டி, ஒரே வேகம். மறுத்துவிடுங்கள், அறிக்கைக்கு முடிவுக் குறியீடு இருக்கிறது. அதே திருட்டு இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றால் கதை வேறு. அதற்குத் தனிக் குறியீடு கட்டாயம் வேண்டும்.

படி 3: பெயர் வையுங்கள்

துறை முன்னால், வகை பின்னால்: தீ-கட்டிடம், தீ-வாகனம், மரு-மூச்சு. பட்டியலில் ஒரே துறைக்குரியவை சேர்ந்து நிற்கும். வேகமாகத் தட்டுபவர்கள் முதல் சில எழுத்துகளைத்தான் அடிப்பார்கள் என்பதால் அங்கேயே வேறுபாடு தெரிவது நல்லது. எண்களை மட்டும் வைத்துக் குறியீடு அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்துத் துறையில் அதே எண் வேறொன்றைக் குறிக்கலாம். அமெரிக்காவில் வயர்லெஸ்ஸில் பேசும் ‘10-4’ போன்ற 10-குறியீடுகள் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறின. பல துறைகள் சேர்ந்து கையாளும் சம்பவங்களில் எளிய மொழியில்தான் பேச வேண்டும் என்பதை 2006 நிதியாண்டு முதல் மத்திய நிதியுதவிக்கே நிபந்தனையாக்கினார்கள்.

படி 4: ஒரு குறியீட்டை முழுதாக நிரப்புங்கள்

‘தீ-கட்டிடம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம்.

விவரம்: “கட்டிடத்தில் தீ அல்லது புகை”. முதன்மைத் துறை தீயணைப்பு. கூடவே ஆம்புலன்ஸும் காவல்துறையும். துணைத் துறைகளை இங்கே சேர்க்காவிட்டால் அவர்களுடைய திரையில் அழைப்பே வராமல் போகலாம். முன்னுரிமை 1. முன்னுரிமையில் கைதாராளம் வேண்டாம், எல்லாமே 1 என்றால் எதுவும் 1 இல்லை.

அடுத்தது அனுப்பும் திட்டம். ‘மூன்றாம் எண் வண்டி’ என்று வண்டியின் பெயரைப் போடாமல், ‘தண்ணீர் வண்டி இரண்டு, ஏணி வண்டி ஒன்று’ எனத் திறனைப் போடுங்கள். அந்த வண்டி பழுதுக்குப் போன நாளிலும் பரிந்துரை சரியாக வரும்.

நேர வரம்பு இரண்டு உண்டு: அழைப்பு ஒதுக்கப்படாமல் கிடந்தால் எப்போது எச்சரிக்க வேண்டும், களத்தில் இருப்பவர்களின் நலத்தை எப்போது விசாரிக்க வேண்டும். இரண்டாவதை வெறுமையாக விடாதீர்கள். குடும்ப வன்முறை போன்ற அழைப்புகளில் அது தனியாகப் போன காவலரின் உயிர் சம்பந்தப்பட்டது.

படி 5: மருத்துவ அழைப்புகளும் இணைப்புகளும்

உங்கள் மையம், மருத்துவ அழைப்பில் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவசரத்தையும் வகுத்துத் தரும் எம்பிடிஎஸ் (MPDS) நெறிமுறையைப் பயன்படுத்தினால் குறியீடு அங்கிருந்தே வரும். முதல் எண் புகாரின் வகை (9 இதயமோ மூச்சோ நின்றுபோனது, 10 நெஞ்சுவலி); நடுவில் ஒமேகா, ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்று அவசரத்தைக் காட்டும் ஒரு நிலை. ஒரே நெஞ்சுவலி ஆல்ஃபாவாகவும் இருக்கலாம், டெல்டாவாகவும் இருக்கலாம். எனவே 10 எல்லாவற்றையும் ஒரே முன்னுரிமையில் கட்டாதீர்கள். எந்த நிலைக்கு எந்த வண்டி என்பதை மருத்துவப் பொறுப்பாளர் எழுத்தில் தரட்டும். அட்மின் முடிவு செய்யும் விஷயமல்ல அது.

வேறு மையத்தோடு அழைப்பைப் பரிமாறுபவர்கள், தரவுப் பரிமாற்றத்துக்காக அப்கோ (APCO, அவசரத் தகவல்தொடர்புப் பணியாளர்களின் அமைப்பு) வெளியிட்டிருக்கும் பொதுச் சம்பவ வகைகளோடு தங்கள் குறியீடுகளைப் பொருத்திவைக்கலாம்.

படி 6: சோதியுங்கள்

பயிற்சி சர்வரில்தான். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு போலி அழைப்பு போட்டு, வரும் பரிந்துரையைத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ‘குப்பையில் தீ’ என்று திறந்து வண்டியை அனுப்பிவிட்டு, வகையைத் ‘தீ-கட்டிடம்’ என மாற்றுங்கள். குறையும் வண்டிகளை மட்டும் கேட்கிறதா, முழுப் பட்டாளத்தையும் மறுபடி கேட்கிறதா? பலர் சோதிக்காமல் விடுவது இதைத்தான். நிலையத்தில் மணி அடிக்கிறதா, வண்டியிலுள்ள திரையில் பெயர் முழுதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

படி 7: நடைமுறைக்குக் கொண்டுவருதல்

பழைய குறியீடுகளை அழிக்காதீர்கள், ‘செயலற்றது’ என மாற்றுங்கள். அழித்தால் பழைய பதிவுகளும் அறிக்கைகளும் உடையக்கூடும். அழைப்பு குறைவான நேரத்தில் மாற்றுங்கள், ஷிப்ட் மாறும் வேளையில் வேண்டவே வேண்டாம்.

‘பிற’ என்று ஒரு குறியீடு கட்டாயம் இருக்கட்டும். அதில் விழுந்த அழைப்புகளின் குறிப்புகளை மாதம் ஒருமுறை படியுங்கள். ஒரே மாதிரியான அழைப்பு திரும்பத் திரும்ப அங்கே வந்தால், படி 2-இன் கேள்விகளை அதனிடம் கேட்டுவிட்டுப் புதிய குறியீட்டைத் திறக்கலாம்.